சிவப்புக் கோப்பை

என்னைப் பற்றிப் புதிதாக யாரிடம் பேச நேர்ந்தாலும் என் கணவர் முதலில் சொல்வது இதைத்தான்: "இவ சோப் கட்டியையே கழுவி வைக்கிறவ." சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். நான் முறைப்பேன். ஆனால் அதில் பொய் ஒன்றும் இல்லை. நுரையோடு வைத்த சவர்க்காரம் பெட்டிக்குள்ளேயே கரைந்து கூழாகிப் போகும் என்பதை அவருக்கு விளங்கப்படுத்தக் கல்யாணமான நாளிலிருந்து முயன்று பார்க்கிறேன். அவர் பல்லேகலையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அங்கே எண்ணெய்ப் பிசுக்கோடு திரிகிற மனிதருக்கு என் நியாயம் ஏறுவதில்லை.

இந்தச் சுத்தப் பைத்தியம் எனக்கு எங்கே பிடித்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸாகிக் கண்டியில் ஒரு பாடசாலை விடுதிக்கு வந்த முதல் வாரம், வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை தன் கதிரையை அரை அடி தள்ளிப் போட்டுக்கொண்டாள். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. கதிரையை மட்டும் தள்ளினாள். அன்று இரவு குளியலறையில் என் கைகளை மோந்து மோந்து பார்த்தேன். அதற்குப் பிறகு என்னைப் பார்த்து யாரும் கதிரையைத் தள்ள நான் இடம் கொடுத்ததில்லை. என்னிடம் படிக்கிற பிள்ளைகளைப் பார்த்தும் தள்ள விடமாட்டேன் என்று மனதுக்குள் ஒரு வீறாப்பு. டீச்சரானதும் அந்த வீறாப்புக்கு ஒரு பதவியும் கிடைத்தது.

மடவளைப் பக்கம் ஒரு சின்ன ஆரம்பப் பாடசாலை. ஐந்தாம் வகுப்பு வரைதான். பெரும்பாலும் முஸ்லிம் பிள்ளைகள், எங்கள் ஆட்கள் கொஞ்சம். காலையில் பல்லேகலையிலிருந்து ஒரு பஸ் பிடித்துக் கண்டிக்கு வந்து, அங்கே இன்னொரு பஸ் மாறிப் போவேன். எனக்கு மூன்றாம் வகுப்பு. அதோடு பாடசாலைச் சுகாதாரத்துக்கும் நானே பொறுப்பு. அந்தப் பொறுப்பை வேறு யாரும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திங்கட்கிழமை நகம் பார்ப்பேன். புதன்கிழமை தலையில் பேன் பார்ப்பேன். கைலேஞ்சி இல்லாமல் வந்தால் மூக்கைச் சட்டைக் கையில் துடைப்பது எப்படியெல்லாம் நோய் வருத்தத்தைக் கொண்டுவரும் என்று ஒரு சிறு பிரசங்கம். கொரோனா நேரத்தில் கேற்றுக்குப் பக்கத்தில் கட்டிய கை கழுவும் தொட்டியில் ஆறு குழாய்கள். இரண்டில்தான் தண்ணீர் வரும். அந்த இரண்டிலும் சவர்க்காரம் இருக்கிறதா என்று தினமும் பார்ப்பேன். மற்ற டீச்சர்மார் என்னை "பி.எச்.ஐ." என்று கூப்பிடுவார்கள். கடைகளைச் சோதிக்க வரும் சுகாதாரப் பரிசோதகரை அப்படித்தான் சொல்வது. எனக்கு உள்ளூரப் பெருமை.

இப்போது கக்கூசைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் பூசி மெழுகினால் இதை எழுதுவதிலேயே பிரயோசனமில்லை.

மைதானத்தின் அந்தப் பக்கக் கோடியில், தகரக் கூரை போட்ட கட்டடம் ஒன்று. சுவரில் "மலசலகூடம்" என்று அழகாக எழுதியிருக்கும். பெண் பிள்ளைகளுக்கு இரண்டு அறை, ஆண் பிள்ளைகளுக்குப் பின்பக்கம் இரண்டு. உள்ளே குழாய் இல்லை. வெளியே பரல் என்கிற நீலப் பீப்பாய் ஒன்று, காவலாளி காலையில் வந்ததும் அதைக் குழாய் போட்டு நிரப்புவார். பிள்ளைகள் அதிலிருந்து கோப்பையில் அள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டும். கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மரம் உளுத்துப்போய் ஆணி நிற்காது. வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதியிருப்பதாகப் பாடசாலை அதிபர் சொல்வார். எழுதியும் இருந்தார்.

டீச்சர்மாருக்குத் தனியாக ஒன்று இருந்தது, அதிபரின் அறைக்குப் பின்னால். பூட்டுப் போட்டது. சாவி அதிபரின் மேசைக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கும். யாரோ ஒருமுறை தவறுதலாக வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம், அதனால் அதை ஒரு பெரிய பலகைத் துண்டில் கட்டி வைத்திருந்தார். ரொட்டி உருட்டுகிற பலகை அளவு இருக்கும். அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு, வந்திருக்கிற பெற்றோருக்கு முன்னால், வவுச்சரில் கையெழுத்து வாங்க நிற்கிறவர்களுக்கு முன்னால் நடந்து போக வேண்டும். அதிபர் மிக நல்ல மனிதர். தலையைக் குனிந்துகொண்டு எதையாவது எழுதுவது போல இருப்பார். அது இன்னும் கூச்சமாக இருக்கும். அந்தப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்த முதல் மாதத்தில் ஒரேயொரு முறை அந்தப் பலகையைத் தூக்கினேன். பிறகு தூக்கவில்லை. அதற்கு நான் கண்ட வழி சுலபமானது. காலையில் அரைக் கோப்பைத் தேநீர். அதோடு சரி. பின்னேரம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தண்ணீர். ஆறு வருடம் அப்படியே ஓடிப்போயிற்று. இதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை.

போன வருடம் பாடசாலையின் முதலாம் தவணையில் ஒரு நாள் இடைவேளைக்கு, முதலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பரலுக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். எதில்? கக்கூசுக் கோப்பையில். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. ஓடிப்போய்ப் பறித்தேன். பிள்ளை பயந்து அழுதது. அதற்கு என்ன தெரியும், கோப்பை என்றால் கோப்பைதான்.

அன்று பின்னேரம் கண்டி மார்க்கெட்டில் இரண்டு கோப்பை வாங்கினேன், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. நீலம் குடிக்கிற தண்ணீருக்கு. சிவப்பு கக்கூசுக்கு. பழையவற்றை எல்லாம் குப்பையில் போட்டேன். சிவப்பு வெளியே கிடந்தால் பொடியன்கள் பந்தடிப்பார்கள், முந்தியவை அப்படித்தான் உடைந்தன. ஆகவே அதை என் வகுப்பு அலுமாரிக்கு மேலே வைத்தேன். மூன்றாம் வகுப்பிலும் நாலாம் வகுப்பிலும் யாருக்குப் போக வேண்டுமென்றாலும் என்னிடம் வந்து கேட்க வேண்டும். கேட்டால் எடுத்துத் தருவேன். திரும்பி வந்ததும் கோப்பையைக் காட்ட வேண்டும், சவர்க்காரம் போட்டுக் கை கழுவியதை மோந்து பார்த்து உறுதி செய்வேன். மற்ற வகுப்புகளுக்கும் இதேபோல ஒரு கோப்பையும் ஒரு டீச்சரும். எல்லாரும் தலையாட்டினார்கள். இப்படி ஓர் ஒழுங்கு எந்தப் பாடசாலையிலும் இல்லை என்று அதிபரே காலைக் கூட்டத்தில் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒழுங்கு பிரமாதமாக நடந்தது. முதல் வாரம் பத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். அடுத்த வாரம் ஐந்து. பிறகு ஆண் பிள்ளைகள் மட்டும் இரண்டு மூன்று பேர். வீண் சாட்டுச் சொல்லி வெளியே அலைகிற பழக்கம் ஒழிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஐந்தாம் வகுப்பு ஜன்னலைத் தாண்டித்தான் மைதானத்துக்குப் போக வேண்டும். சிவப்புக் கோப்பையோடு யாராவது போனால் உள்ளேயிருந்து "கோப்பை போகுது, கோப்பை போகுது" என்று ராகம் போடுவார்கள். அது என் காதிலும் விழுந்தது. போய் ஏசினேன். ஏசியதோடு அது முடிந்துவிட்டது என்று திரும்பி வந்தேன்.

இரண்டாம் தவணையில் தண்ணீர் அட்டவணை தொடங்கினேன். பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை, தலையிடி, வயிற்று வலி என்று படுத்துக்கொள்கிறார்கள் என்று ஒரு கருத்தரங்கில் சொன்னார்கள். உடனே எனக்குக் கை துறுதுறுத்தது. சுவரில் பெரிய கார்ட்போர்ட். எல்லாருடைய பெயரும். வீட்டிலிருந்து கொண்டுவரும் போத்தலைப் பாடசாலை விடுவதற்குள் வெறுமையாக்கிக் காட்டினால் ஒரு பொன் நட்சத்திரம்.

வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. ஜன்னலோரம் இருப்பாள். வெள்ளைத் தலைத்துண்டில் ஒரு சுருக்கம் இருக்காது. நகம் பிறை போல வெட்டியிருக்கும். கைலேஞ்சியை நாலாக மடித்து ஊசி குத்தி வருவாள். கொப்பிக்கு உறை, உறைக்கு மேல் இன்னொரு உறை. வகுப்பில் எனக்கு மிகப் பிடித்த பிள்ளை அவள்தான், அதை மறைக்கவும் நான் பெரிதாக முயலவில்லை. நட்சத்திர அட்டவணையில் ஒரு நாள்கூடத் தப்பாமல் நட்சத்திரம் வாங்கியவளும் அவள்தான். ஒவ்வொரு நாளும் பின்னேரம் போத்தலைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டுவாள், ஒரு சொட்டு விழாது. வலயத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி அட்டவணையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். அவளையும் பக்கத்தில் நிறுத்தித்தான் படம்.

ஆனி மாதம் என்று நினைக்கிறேன், ஒரு வெள்ளிக்கிழமை. அவள் மேசையில் தலையை வைத்துப் படுத்திருந்தாள். நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. அடிவயிறு நோகுது என்றாள். உம்மாவுக்குப் போன் எடுத்தேன். அவர் முச்சக்கர வண்டியில் வந்து ஏற்றிக்கொண்டு போனார். போகும்போதும் அந்தப் பிள்ளை வெறும் போத்தலைப் பையிலிருந்து எடுத்து எனக்குக் காட்டிவிட்டுத்தான் போனாள். நான் அவள் பெயருக்கு நேரே நட்சத்திரம் ஒட்டினேன்.

அவளைக் கண்டி ஆஸ்பத்திரி வார்டில் நிறுத்திவிட்டார்கள் என்று திங்கட்கிழமை கேள்விப்பட்டேன். புதன்கிழமை அவளுடைய உம்மா பாடசாலைக்கு வந்தார். என்னைவிட இளையவர். கடைத்தெருவில் கணவரோடு ஒரு துணிக்கடையைக் கவனிப்பவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

"டீச்சர், கோவிக்க வாணாம். ஒன்னு கேக்கணும்."

"கேளுங்க."

"புள்ள ஸ்கூல்ல தண்ணி குடிக்கிறதா? டொக்டர் ஏசினார். தண்ணியும் குடிக்காம, ஒன்னுக்குப் போறத்தயும் அடக்கி அடக்கி வந்த காச்சலாம். ஊட்டுல அவ நல்லாக் குடிக்கிற டீச்சர். நான் பாக்கிறதானே."

எனக்கு முகத்தில் அடித்தாற்போல இருந்தது. அந்த நேரத்தில் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வகுப்புக்குப் போய் அட்டவணையைக் காட்டினேன். "பாருங்க. ஒரு நாள் தவறல. வகுப்பிலேயே கூடக் குடிக்கிறது உங்க பிள்ளைதான்," என்றேன். குரலில் கொஞ்சம் வெற்றியும் இருந்திருக்க வேண்டும். அவர் அந்த நட்சத்திர வரிசையை மிகவும் கவனமாகப் பார்த்தார். ஒவ்வொன்றாக எண்ணுவது போலப் பார்த்தார்.

"அப்ப டொக்டருக்குத்தான் பிழ போல," என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிற மனிதர். சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனதும் நான் அந்தப் பிள்ளையின் கதிரையில் உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று தெரியாது. உட்கார்ந்தால் ஜன்னல் கைக்கெட்டுகிற தூரம். கீழே பாடசாலைத் தோட்டத்தின் வல்லாரைப் பாத்தி. அந்த மாதம் மழை குறைவு, மற்றப் பாத்திகள் எல்லாம் வாடிக் கிடந்தன. இந்த ஜன்னலுக்கு நேர் கீழே மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு வல்லாரை பச்சைப் பசேலென்று அடர்ந்து நின்றது. மண் ஈரமாக இருந்தது.



சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மெலிந்துபோய்க் கட்டிலில் சாய்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து தலைத்துண்டைத் தேடினாள். உம்மா தேநீர் ஊற்றப் போன நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"தண்ணிய ஜன்னலால ஊத்தினியா?"

கண் நிறைந்துவிட்டது. "ஏச வாணாம் டீச்சர்."

"ஏச மாட்டேன். ஏன் ஊத்தின?"

"குடிச்சா போகணும் டீச்சர்."

"போகலாமே. என்கிட்ட கோப்பையைக் கேட்டாத் தருவேன்தானே?"

அவள் கட்டில் விரிப்பின் நூலைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "எல்லாரும் ஈக்கிற நேரம் எப்பிடிக் கேக்கிற? கோப்பயத் தூக்கிட்டுப் போனா எல்லாருக்கும் விளங்கும்."

"அப்போ கோப்பை இல்லாம..." என்று தொடங்கினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஏதோ கூடாத வார்த்தை சொல்லிவிட்டது போலப் பார்த்தாள். "தண்ணி இல்லாமப் போக ஏலாது டீச்சர். பின்னேரம் ஓதப் போறதானே. சுத்தமில்லாமக் குர்ஆனத் தொட ஏலாது."

எட்டு வயதுப் பிள்ளை. சுத்தத்தைப் பற்றி எனக்கு விளங்கப்படுத்துகிறாள். அழுக்குப் பழக்கத்தால் வந்த வருத்தம் இல்லை இது. அசுத்தமாக இருக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்ததால் வந்த வருத்தம். அதற்கு வேண்டிய ஒரேயொரு கோப்பையைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தவள் நான். உயரமான அலுமாரி. நானே குதிக்கால் உயர்த்தித்தான் எடுப்பேன்.

நான் ஏசாததைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் துணிவு வந்திருக்க வேண்டும்.

"நீங்களும் குடிக்கிறல்லயே டீச்சர்," என்றாள்.

"என்ன?"

"உங்கட போத்தல் மேசயில ஈக்குது. ஸ்கூல் உடுற நேரமும் அப்பிடியே ஈக்குது. நீங்க ஒரு நாளும் போறதுமில்ல. நாங்க எல்லாரும் பாக்கிறதானே."

சொல்லிவிட்டு, மரியாதை தப்பிவிட்டதோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். உம்மா தேநீர்த் தட்டோடு வந்தார். நான் நடந்ததை எல்லாம் அவரிடம் சொன்னேன். அட்டவணை பொய், டொக்டர் சொன்னது சரி, பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் மகளின் தலையைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா போகணுமாம் டீச்சர். நெறயக் குடிக்கணுமாம். திருப்பித் திருப்பி வந்தா கிட்னியப் புடிக்குமாம். இவ ஸ்கூல்ல போக மாட்டேன்டு சொல்றா. அப்பிடீன்டா அனுப்பி என்ன செய்ற? இவட வாப்பா சொல்றார், கொஞ்ச நாளக்கி ஊட்டுலயே ஈக்கட்டும்டு."

கொஞ்ச நாள் என்பது எப்படி நீளும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு வீட்டில் எப்போதும் ஒரு வேலை இருக்கும். இரண்டு வாரம் தாருங்கள் என்று கேட்டேன். எதற்காகக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியாமல் கேட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முதலில் அதிபர் மேல், உளுத்த கதவு மேல், கருத்தரங்கு நடத்தியவர்கள் மேல். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் நெருங்கி நின்றபோது கோபம் எல்லாரையும் சுற்றிவிட்டு என்னிடமே வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு பலகைத் துண்டைத் தூக்கிக்கொண்டு நாலு பேருக்கு முன்னால் நடக்க வெட்கப்பட்டு ஆறு வருடமாகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறவள் நான். அதே நான், அதே வெட்கத்தைச் சிவப்பு நிறத்தில் வாங்கி வந்து சின்னப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, போய்ட்டு வா என்று சொல்லியிருக்கிறேன். வளர்ந்தவள் ஒரு மாதத்தில் கண்டுபிடித்த தந்திரத்தைப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

திங்கட்கிழமை அட்டவணையைக் கழற்றினேன். மற்றப் பெண் பிள்ளைகளையும் தனித்தனியாகக் கேட்டேன். ஊற்றியவள் அவள் மட்டும் இல்லை. சிலர் பூச்சாடியில், ஒருத்தி கை கழுவும் தொட்டியில். ஒருத்தி தம்பியைக் குடிக்க வைத்திருக்கிறாள், அக்காவுக்கு நட்சத்திரம் வாங்கிக் கொடுக்கிறோம் என்று அவனுக்குப் பெருமை.

நாலு வாளியும் நாலு கோப்பையும் வாங்கி, கோப்பைகளைக் கம்பியால் வாளியின் கைபிடியில் கட்டி ஒவ்வோர் அறைக்குள்ளும் வைத்தோம். காவலாளி காலையில் பரலோடு வாளிகளையும் நிரப்பச் சம்மதித்தார். யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, எதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதும் இல்லை. கோப்பை உடைந்தால் உடையட்டும். கதவுக்குத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தாழ்ப்பாள் அடித்துப் பார்த்தார். மூன்றாவது தட்டில் மரம் தூளாகக் கொட்டியது. கதவையே மாத்தணும், என்றார். வலயத்துக்கு இன்னொரு கடிதம் போயிற்று.

அடுத்த வாரம் அவள் வந்தாள். நான் கேட்ட இரண்டு வாரத்தில் ஒன்று அதற்குள் போய்விட்டிருந்தது. போத்தல் பெரிதாக மாறியிருந்தது. நான் வாளிகளைப் பற்றி வகுப்புக்கே சொன்னேன், யாருக்கு எப்போது போக வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்றேன். தலையாட்டினார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பின்னேரம் அவள் போத்தல் நிறைந்தபடியே இருந்தது. இப்போது ஊற்றவில்லை, அது மட்டும்தான் முன்னேற்றம். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும். அன்று உம்மா போன் எடுத்தார். "குடிச்சாவா டீச்சர்?" இல்லை என்றேன். அந்தப் பக்கம் அவர் கணவரிடம் அதைச் சொல்வது கேட்டது. பிறகு, "அப்ப வெள்ளிக்கிழமயோட நிப்பாட்டுவம்டு அவர் சொல்றார்," என்றார்.

பழக்கம் என்பது வாளி வைத்தால் வருகிறதில்லை. சொல்லிக் கொடுத்தாலும் வருகிறதில்லை. பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்பதை விட நம் மேசையில் இருக்கிற போத்தலைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அது அந்தக் கட்டிலோரத்திலேயே சொல்லப்பட்டுவிட்டது, விளங்கிக்கொள்ளத்தான் இவ்வளவு நாள் பிடித்தது.

வியாழக்கிழமை காலையில் முதல் பாடத்திலேயே என் போத்தலைத் திறந்து வகுப்புக்கு முன்னால் குடித்தேன். இரண்டாம் பாடத்தில் இன்னும் கொஞ்சம். மூன்றாம் பாடம் முடிவதற்குள் போத்தல் வெறுமையாகிவிட்டது. ஆறு வருடம் பழக்கமில்லாத உடம்பு, இடைவேளைக்கு இன்னும் கால் மணித்தியாலம் இருக்கும்போதே என்னால் நிற்க முடியவில்லை. நடிப்பதற்கு ஒன்றுமே தேவைப்படவில்லை.

கரும்பலகையில் கணக்கு எழுதிப் போட்டேன். பக்கத்து வகுப்பு டீச்சரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, முப்பது பேருக்கு முன்னால் சத்தமாகச் சொன்னேன்:

"எனக்கு டொய்லட் போகணும்."

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். "பிள்ளைங்களோட டொய்லட்டுக்குத்தான் போறேன். அங்க கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல. யாராவது வந்து பிடிச்சா நல்லது," என்றேன். அவளைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை.

அவள் பென்சிலை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

ஐந்தாம் வகுப்பு ஜன்னலைத் தாண்டும்போது உள்ளே சத்தம் அடங்கியது. டீச்சரைப் பார்த்து ராகம் போடவா விடவா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மைதானத்தை இருவரும் குறுக்கே கடந்தோம். வெயில் ஏறியிருந்தது. அவள் எனக்கு ஓரடி முன்னால், வழி காட்டுகிறவள் போல நடந்தாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது, அந்த அறை எவ்வளவு இருட்டு, கதவு எவ்வளவு லேசு என்று. சுகாதாரப் பொறுப்பாளராக நூறு தடவை வெளியே நின்று எட்டிப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்து பார்த்ததில்லை. கதவின் கீழ் இடைவெளியில் அவளுடைய வெள்ளைச் சப்பாத்து இரண்டும் தெரிந்தன. அவை அங்கே இருக்கின்றன என்பதே எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது. அப்படியும் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"இருக்கியா?"

"ஈக்கிறேன் டீச்சர்."

கொஞ்ச நேரத்தில் வெளியே கனத்த காலடி. அதிபரின் குரல். "என்ன புள்ள, பாட நேரத்துல இங்க நிக்கிற?"

"டீச்சர் உள்ள சேர்."

"எந்த டீச்சர்?"

"எங்கட டீச்சர். நீங்க அங்கால போங்க சேர்."

காலடி வந்ததைவிட வேகமாகத் திரும்பிப் போயிற்று. நான் உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முழுக்கச் சிரிப்பால் வந்த தண்ணீர் என்று சொல்ல மாட்டேன்.

வெளியே வந்து கை கழுவினேன். அவள் நகரவில்லை. கதவைப் பார்த்தாள், மைதானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்க புடிப்பீங்களா டீச்சர்?"

"பிடிப்பேன்."

"போக மாட்டீங்கதானே?"

"போக மாட்டேன்."

உள்ளே போனாள். நான் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டேன். வாளியில் கோப்பை முட்டுகிற சத்தம் கேட்டது. "டீச்சர், ஈக்கிறீங்களா?" என்றாள். இருக்கேன் என்றேன். அந்த நேரம் பார்த்து இடைவேளை மணி அடித்தது. எல்லா வகுப்பும் ஒரேயடியாக மைதானத்தில் கொட்டியது. முதலாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை, டீச்சர்மார் உட்பட, பாடசாலை முழுவதும் நான் கக்கூஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தது. எனக்கு முகம் சுட்டது. கையை எடுக்கவில்லை.

"டீச்சர், பெல் அடிச்சிட்டு," என்றாள் உள்ளேயிருந்து, பயந்த குரலில். "போகப் போறீங்களா?"

"அடிக்கட்டும்," என்றேன். "நீ மெதுவா வா."